ரேஸ் பெல்ட் வீதிக் காருக்குப் பொருந்துமா? மலையகச் சாரதிகளுக்கான வழிகாட்டி

சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குச் செல்பவர்களில் ஒரு பகுதியினர் குதிரைப் பந்தயத்துக்காகவோ மலர்க் கண்காட்சிக்காகவோ செல்வதில்லை. அவர்கள் செல்வது கார்ப் பந்தயம் பார்க்க. தேயிலைத் தோட்டத்தின் நடுவே மேடேறும் குறுகிய வீதியில் ஒவ்வொரு வாகனமாக நேரத்துடன் போட்டியிடும் மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டு ஆரம்பமானது. நானுஓயாவுக்கு அருகில் ரதல்லவிலும் இதேபோன்ற பந்தயம் நடக்கிறது. தோட்டத்து இளைஞர்கள் மண்மேடுகளில் நின்று இவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

பார்த்ததைத் தங்கள் வாகனத்திலும் செய்து பார்க்கும் ஆசை அவர்களில் சிலருக்கு வருகிறது. சில்லை மாற்றுவார்கள், சைலன்சரை மாற்றுவார்கள், பிறகு உள்ளே கை வைப்பார்கள். சிவப்பு அல்லது நீல நிறத்தில் இரண்டு தோள்களுக்கும் மேலாக வந்து நடுவில் பூட்டும் ‘ரேஸ் பெல்ட்’ அப்போதுதான் காருக்குள் வருகிறது. இணையத்தில் வாங்கலாம், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகளில் வாங்கலாம், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிக்கவும் செய்யலாம். மற்ற அலங்காரங்களைப் பற்றி வீட்டார் குறை சொன்னாலும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. பட்டி என்றால் பாதுகாப்புத்தானே என்பது அவர்களின் எண்ணம்.

அந்த எண்ணம் பாதிதான் சரி. ரேஸ் பெல்ட் பந்தயக் காருக்குள் இருக்கும் ஒரு முழுப் பாதுகாப்புத் தொகுதியின் ஓர் உறுப்பு. அதை மட்டும் கழற்றி எடுத்து வீதியில் ஓடும் காரில் பூட்டினால், கார் வரும்போதே இருந்த சாதாரண ஆசனப்பட்டியை விடவும் அது ஆபத்தானதாக மாறலாம். அதற்கான காரணங்களையும், பந்தயத்துக்கென்று உண்மையிலேயே பூட்ட வேண்டியவர்கள் எப்படிப் பூட்ட வேண்டும் என்பதையும், மற்ற எல்லோரும் தங்கள் காரில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் கீழே பார்க்கலாம்.

சாதாரண ஆசனப்பட்டி செய்யும் வேலை

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு கல்மதிலில் மோதினால், கார் நின்ற பிறகும் உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னால் போகும். சுமார் 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, கீழே விழுவதற்குச் சமமான வேகம் அது. அந்த உடலை நிறுத்துவதுதான் பட்டியின் வேலை. எங்கே பிடித்து நிறுத்துகிறது என்பதும், எவ்வளவு நேரத்தில் நிறுத்துகிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கும்.

இன்று எல்லாக் கார்களிலும் உள்ள மூன்று முனை ஆசனப்பட்டியை வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். 1959இல் அது கார்களில் வந்தது. அது உடலின் பலமான எலும்புகளான இடுப்பு எலும்பு, நெஞ்சுக்கூடு, தோள் ஆகியவற்றின் மேல் விசையைப் பகிர்கிறது. புதிய கார்களில் இதற்குள் இன்னும் இரண்டு பொறிமுறைகள் உண்டு. ஒன்று, மோதிய கணத்திலேயே பட்டியை இறுக்கி இழுக்கும். மற்றது, விசை அளவுக்கு மிஞ்சும்போது பட்டியைக் கொஞ்சம் நீள விடும். உடல் அப்படிக் கட்டுப்பாட்டுடன் முன்னால் வரும்போது காற்றுப்பை விரிந்து தலையை ஏந்துகிறது. பட்டி, காற்றுப்பை, ஆசனம் மூன்றும் ஒன்றையொன்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை.

ஆசனப்பட்டி அணிவதால் வாகனத்தில் இருப்பவர் இறக்கும் அபாயம் 50 சதவீதம் வரை குறைகிறது என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. எந்த மாற்றமும் செய்யாத காரில், ஒரு சதமும் செலவில்லாமல் கிடைக்கும் பாதுகாப்பு இது.

பந்தயக் காரில் பட்டி தனியாக இல்லை

ஹார்னஸ் எனப்படும் ரேஸ் பெல்ட்டில் நான்கு, ஐந்து அல்லது ஆறு முனைகள் இருக்கும். இரண்டு தோள்பட்டி, இரண்டு இடுப்புப்பட்டி சேர்ந்தால் நான்கு. கால்களுக்கு இடையே ஒரு பட்டி வந்தால் ஐந்து, இரண்டு வந்தால் ஆறு. எல்லாம் வயிற்றுக்குக் கீழே ஒரே பூட்டில் சேரும். உடல் அசையாதபடி ஆசனத்தோடு கட்டிவைப்பது இதன் நோக்கம்.

அப்படிக் கட்டிவைப்பதால் வரும் பிரச்சினைகளைத் தீர்க்கப் பந்தயக் காரில் வேறு நான்கு பொருட்கள் இருக்கின்றன. முதுகு சாயாத ஒரே வார்ப்பான பக்கெட் ஆசனம் ஒன்று. கூரை நசுங்காமல் தாங்கும் ரோல் கேஜ் என்ற இரும்புக் குழாய்க் கூடு இரண்டாவது. தலைக்கவசம் மூன்றாவது. தலைக்கவசத்தைத் தோளோடு இணைத்துக் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் போன்ற கருவி நான்காவது.

கடைசியாகச் சொன்ன கருவியின் அருமையை உலகம் அறிந்துகொண்டது ஒரு மரணத்தின் மூலம். 2001 பெப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் மதிலில் மோதி இறந்தார். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்திருந்தது. உடல் கட்டப்பட்டிருக்க, தலை மட்டும் முன்னால் வீசப்படும்போது வரும் காயம் அது. அதே ஆண்டு ஒக்டோபரில் அந்தப் பந்தய அமைப்பு கழுத்துப் பாதுகாப்புக் கருவியைக் கட்டாயமாக்கியது.

வீதிக் காரில் தனியே பூட்டினால்

முதலாவது ஆபத்து கூரை. மலையகத்தில் வாகனம் வீதியை விட்டு விலகினால் பெரும்பாலும் அது நிற்பது பள்ளத்தில்தான். உருண்டு கவிழும்போது கூரை உள்நோக்கி நசுங்கலாம். சாதாரணப் பட்டி அணிந்தவரின் மேலுடல் பக்கவாட்டில் சரிய இடமிருக்கும். ஹார்னஸ் அணிந்தவர் நிமிர்ந்தபடியே கட்டப்பட்டிருப்பார். ரோல் கேஜ் இல்லாத காரில் கூரையின் பாரம் தலைக்கும் கழுத்துக்கும் நேராக வரும்.

இரண்டாவது, பட்டிக்கு அடியில் வழுகிப் போவது. கால்களுக்கு இடையிலான பட்டி இல்லாத நான்கு முனை ஹார்னஸில், தோள்பட்டியை இறுக்கும்போது இடுப்புப்பட்டி மேலே வயிற்றுக்கு இழுபடும். மோதலில் உடல் அதற்கு அடியால் வழுகும். இடுப்பு எலும்பில் விழ வேண்டிய விசை குடல், ஈரல், மண்ணீரல் ஆகியவற்றில் விழும். வெளியில் காயம் தெரியாமல் உள்ளே இரத்தம் கசியும் வகை இது. தோட்டத்திலிருந்து ஆதார வைத்தியசாலைக்கே நீண்ட பயணம் செய்ய வேண்டிய பகுதிகளில் இந்த வகைக் காயம் எவ்வளவு பாரதூரமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, முள்ளந்தண்டு. கராஜ்களில் தோள்பட்டியைப் பின்னாசனத்தின் தரையில் உள்ள போல்டில் பூட்டிவிடுவது வழக்கம். பட்டி தோளிலிருந்து செங்குத்தாகக் கீழிறங்கினால், மோதலின்போது அது உடலைப் பின்னால் இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி அழுத்தும். முதுகெலும்பு நசுங்கும். காரின் சாதாரண ஆசன முதுகு இந்த விசையைத் தாங்கச் செய்யப்பட்டதும் அல்ல.

நான்காவது, கழுத்து. தலைக்கவசமும் கழுத்துக் கருவியும் இல்லாமல் இரண்டு தோளையும் கட்டினால், மேலே சொன்ன டேடோனா காயத்துக்கு வழி திறக்கிறது. இதற்குத் தீர்வாக வீதிக் காரில் ரோல் கேஜ் போடுவதும் சரிவராது. தலைக்கவசம் இல்லாத தலை அந்த இரும்புக் குழாயில் மோதும்.

இவற்றோடு நாளாந்தப் பிரச்சினையும் ஒன்றுண்டு. ஹார்னஸை இறுக்கிக் கட்டினால் குறுக்குச் சந்தியில் எட்டிப் பார்க்க முடியாது, கைப்பிரேக் எட்டாது. அதனால் தளர்த்திவிடுவார்கள். தளர்ந்த ஹார்னஸ் எந்த வேலையையும் செய்யாது. சாதாரணப் பட்டி உடலோடு தானாக நீண்டு சுருங்கும், மோதலில் மட்டும் பூட்டிக்கொள்ளும். உதவிக்கு ஓடிவரும் ஊரவர்களுக்கும் அதன் சிவப்புப் பொத்தான் தெரியும். சுழற்றித் திறக்கும் பூட்டு எல்லோருக்கும் தெரியாது.

குறிப்பிட்ட கார் மாதிரிகளுக்கென்றே, வீதிப் பாவனைக்கு ஐரோப்பிய ஈ.சி.ஈ. 16 ஒழுங்குவிதியின் கீழ் அங்கீகாரம் பெற்ற நான்கு முனைப் பட்டிகளும் சந்தையில் உண்டு. வழுகலைத் தடுக்கும் ஏற்பாடு அவற்றின் தோள்பட்டியிலேயே இருக்கும். ஆனால் தயாரிப்பாளரின் பட்டியலில் உங்கள் கார் மாதிரி இருந்தால் மட்டுமே அவை பொருந்தும். தோற்றத்தில் ஒத்த வேறு பட்டிக்கு இந்த விதிவிலக்கு இல்லை.

பந்தயத்துக்காகப் பூட்டுவதானால்

மலையேற்றப் பந்தயத்தில் முறையாகப் பங்குபற்ற விரும்புபவர் முதலில் அந்தப் போட்டியின் விதிகளை ஏற்பாட்டாளரிடம் பெற வேண்டும். உலக மோட்டார் விளையாட்டை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. சம்மேளனத்தின் விதிகளில் அடிப்படையானவை இவை.

ஆசனம்: தோள்பட்டிக்கும் கால்பட்டிக்கும் துவாரங்கள் உள்ள, முதுகு சாயாத பந்தய ஆசனம் வேண்டும். சாயும் ஆசனத்தில் ஹார்னஸ் பூட்டக் கூடாது.

தோள்பட்டி: ஆசன முதுகின் மேல் விளிம்பிலிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். கிடைமட்டத்திலிருந்து கீழ்நோக்கி 45 பாகையைத் தாண்டக் கூடாது. 10 பாகைக்குள் இருப்பது நல்லது. சிறிய கார்களில் பின்னாசனத் தரைப் போல்டில் பூட்டினால் பெரும்பாலும் 45 பாகையைத் தாண்டிவிடும். ஆகவே ரோல் கேஜின் குறுக்குக் குழாயில் பூட்டுவதே முறை. கழுத்துக் கருவி அணிபவர் அந்தக் கருவியின் கையேட்டில் உள்ள கோணத்தைப் பின்பற்ற வேண்டும்.

இடுப்புப்பட்டி: தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில், இடுப்பு எலும்பின் மேல் கிடக்க வேண்டும். வயிற்றில் கிடக்கவே கூடாது.

பூட்டும் இடம்: பட்டியை ஆசனத்திலோ ஆசனத்தைத் தாங்கும் சட்டத்திலோ பூட்டக் கூடாது. கார் உற்பத்தியின்போதே பட்டிக்காக வைத்த துவாரங்கள் சிறந்தவை. புதிய துவாரம் போட்டால், குறைந்தது 3 மில்லிமீற்றர் தடிப்பும் 40 சதுர சென்றிமீற்றர் பரப்பும் உள்ள உருக்குத் தகட்டை அடியில் வைக்க வேண்டும். தோள், இடுப்புப் பட்டிகளின் ஒவ்வொரு பிடிமானமும் ஏறக்குறைய ஒன்றரைத் தொன் இழுவையைத் தாங்க வேண்டும். போல்ட் எம்12 அளவில், 8.8 தரத்தில் இருக்க வேண்டும். வன்பொருள் கடையில் தரக் குறி இல்லாமல் கிடைக்கும் போல்ட் இதற்கு உதவாது.

மலையகத்தில் இங்கே கூடுதல் கவனம் தேவை. மழையும் மூடுபனியும் காரின் தரைத் தகட்டை அடியிலிருந்து அரிக்கும். மேலே கம்பளம் நன்றாக இருந்தாலும் கம்பளத்தைத் தூக்கி, அடியிலிருந்தும் தட்டிப் பார்க்காமல் துவாரம் போடக் கூடாது. துரு ஏறிய தகட்டில் மேலோட்டமாக வெல்டிங் செய்த பிடிமானம் முதல் இழுவையிலேயே கையோடு வந்துவிடும்.

கட்டும் முறை: இடுப்புப்பட்டியை முதலில் இறுக்க வேண்டும், பிறகு கால்பட்டி, கடைசியில் தோள்பட்டி. முறுக்கு இருக்கக் கூடாது. கூரான விளிம்பில் பட்டி உராயக் கூடாது.

ஹார்னஸ் பூட்டினாலும் காரின் பழைய மூன்று முனைப் பட்டியைக் கழற்றி எறியாதீர்கள். பந்தயத்துக்கு ஓட்டிச் செல்லும்போதும் திரும்பும்போதும் அணிய வேண்டியது அதுதான். வாகனத்தின் அமைப்பில் மாற்றம் செய்வதற்கு முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமும் கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள்.

இன்னொன்று, பயிற்சி என்ற பெயரில் தோட்ட வீதியில் வேகம் பார்க்காதீர்கள். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவ பொக்ஸ்ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 7 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். ஏற்பாட்டாளர்களும் மருத்துவ வாகனங்களும் இருந்த திடலிலேயே அப்படி நடந்தது. கொழுந்துக் கூடையுடன் தொழிலாளர்களும் புத்தகப் பையுடன் பிள்ளைகளும் நடக்கும் தோட்ட வீதியில் அவர்களைக் காக்கும் பட்டி எதுவும் கிடையாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பந்தயத் தரமுள்ள ஹார்னஸின் ஒவ்வொரு பட்டியிலும் லேபல் தைக்கப்பட்டிருக்கும். எஃப்.ஐ.ஏ. 8853 என்ற தர எண்ணும், எந்த ஆண்டுவரை செல்லுபடியாகும் என்பதும் அதில் இருக்கும். அமெரிக்க எஸ்.எஃப்.ஐ. 16.1 தரமானால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வெயிலும் ஈரமும் நூலின் பலத்தைக் குறைப்பதால்தான் இந்தக் கால எல்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பாவித்த ஹார்னஸ் அங்கே காலாவதியாகி மலிவு விலைக்கு விற்கப்பட்டதாக இருக்கலாம். வாங்க முன் லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லேபல் இல்லாததும், வெறும் வணிகப் பெயர் மட்டும் அச்சிட்டதும் அலங்காரப் பொருட்கள். கடும் மோதலில் ஒருமுறை இழுபட்ட பட்டியை மறுபடி பாவிக்கவே கூடாது. இது சாதாரண ஆசனப்பட்டிக்கும் பொருந்தும்.

உங்கள் காரில் இருக்கும் பட்டி வேலை செய்கிறதா?

நம்மிடம் உள்ள வாகனங்களில் பெரும்பாலானவை ஜப்பானில் பாவிக்கப்பட்டு வந்தவை, அல்லது இங்கே பல கைகள் மாறியவை. பின்வரும் சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.

பட்டியை மெதுவாக முழுவதும் இழுங்கள். ஓரம் நைந்திருந்தாலோ, வெட்டு, எரிந்த அடையாளம், தையல் விட்ட இடம் இருந்தாலோ மாற்ற வேண்டும். பிறகு சடுதியாக வெட்டி இழுங்கள். பூட்டிக்கொள்ள வேண்டும். விட்டதும் தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். பூட்டில் கொழுவி, பலமாக இழுத்துப் பாருங்கள். காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு தொடர்ந்து எரிந்தால் பட்டியை இறுக்கும் பொறிமுறையும் செயலிழந்திருக்கலாம். ‘பீப்’ சத்தத்தை நிறுத்தவென்று பூட்டில் செருகும் போலி நாக்கு இருந்தால் எடுத்து எறியுங்கள். ஆசன உறை பின்னாசனப் பூட்டுகளை மூடியிருந்தால் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள்.

அணியும்போது இடுப்புப்பட்டி இடுப்பு எலும்பில், தோள்பட்டி கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில். கைக்கு அடியால் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் இடுப்புப்பட்டியை வயிற்றுக்குக் கீழே கட்ட வேண்டும். குளிருக்குப் போடும் தடித்த ஜக்கெட் பட்டியைத் தளர்த்திவிடும். ஜக்கெட்டைத் திறந்துவிட்டு உள்ளே பட்டியைக் கட்டுங்கள்.

ஹார்னஸ் உண்மையிலேயே பொருந்தும் ஓரிடம்

வீதிக் காரில் ஐந்து முனை ஹார்னஸ் முறையாக இருக்கும் இடம் குழந்தை ஆசனம். அதன் முழு அமைப்பும் அந்தப் பட்டியைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. குழந்தை பின்னோக்கி அமர்ந்தால் தோள்பட்டி தோளின் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழிருந்தும், முன்னோக்கி அமர்ந்தால் தோள் மட்டத்தில் அல்லது சற்று மேலிருந்தும் வர வேண்டும். தோளருகே பட்டியை இரண்டு விரலால் கிள்ளினால் மடிப்பு எடுபடக் கூடாது. முன் காற்றுப்பை உள்ள ஆசனத்தில் பின்னோக்கிய குழந்தை ஆசனத்தை வைக்கக் கூடாது. ஊருக்கு எதை அனுப்பலாம் என்று கேட்கும் வெளிநாட்டு உறவினரிடம் ரேஸ் பெல்ட்டுக்குப் பதில் இதைக் கேட்கலாம். மடியில் வைத்திருக்கும் குழந்தையை மோதலில் எந்தத் தாயின் கையாலும் பிடித்திருக்க முடியாது.

உடலைத் தாங்க முடியாதவர்கள் பயணிக்கும்போது

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட பலர் நம்மிடையே இருக்கிறார்கள். வன்னியிலிருந்து மலையகம் வரை நீண்ட வளைவுகளில் பயணிக்கும்போது மேலுடல் சரியாமல் இருக்க, நான்கு முனை ரேஸ் பெல்ட்டைப் போட்டால் என்ன என்ற யோசனை குடும்பத்தினருக்கு வருவது இயல்பு. அதைத் தவிர்க்க வேண்டும். உணர்வில்லாத வயிற்றுப் பகுதியில் பட்டி ஏறி அழுத்தினால் அவருக்கே தெரியாது. நிமிர்ந்திருக்க உதவும் நெஞ்சுப்பட்டியைத் தனியாகப் போடலாம். அது விபத்தில் காக்கும் பட்டி அல்ல. அதற்கு மேலாகக் காரின் மூன்று முனைப் பட்டியையும் கட்ட வேண்டும். இயன்மருத்துவரிடம் கேட்டால் உடலுக்கு ஏற்ற முறையைச் சொல்வார். கால் இழந்தவர்களும் இடுப்புப்பட்டி இடுப்பு எலும்பில் தங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரதல்ல என்ற பெயர்

பந்தய ரசிகர்களுக்கு ரதல்ல ஒரு பந்தயத்தின் பெயர். மலையக மக்களுக்கு அது 2023 ஜனவரி 20ஆம் திகதியின் பெயரும்கூட. அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், சுற்றுலா வந்த மாணவர்களின் பேருந்து ஒரு வானுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் 7 பேர் இறந்தனர். 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டிஎல்லவில் பேருந்து பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு, பேருந்துச் சாரதிகளும் 2025 ஜூலை முதல் ஆசனப்பட்டி அணிய வேண்டும் என அரசு அறிவித்தது. கார்களில் சாரதிக்கும் முன்னாசனப் பயணிக்கும் 2011இலேயே அது கட்டாயமாக்கப்பட்டுவிட்டது.

இந்த வீதிகளில் ஒரு தனிக் கார் உரிமையாளரால் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. மற்றவரின் பிரேக்கும் வளைவின் தடுப்புச் சுவரும் அவர் கையில் இல்லை. தன் காரில் இருக்கும் ஐந்து பட்டிகளும் அவர் கையில் இருக்கின்றன. ரேஸ் பெல்ட்டுக்கென்று ஒதுக்கிய பணத்தில் நைந்த பின்னாசனப் பட்டியை மாற்றலாம், பிரேக் கட்டைகளையும் தேய்ந்த டயரையும் மாற்றலாம். மீதியிருந்தால் குழந்தை ஆசனம் ஒன்று வாங்கலாம். பிறகு கினிகத்தேனை வளைவுகளில் ஏறுவதற்கு முன் பின்னால் திரும்பி, எல்லோரும் பட்டி கட்டியிருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுவிட்டு வாகனத்தை எடுக்கலாம்.